நாரி உளைவும் களிகம்பும்

எங்கட பக்கத்தில் முதுகின் அடிப்பகுதிக்கு 'நாரி' என்று பேர். கம்பஸில் தமிழ் இலக்கியம் படிக்கப் போன முதல் வருஷம், 'நாரி' என்ற சொல்லுக்குப் பெண் என்று பொருள் சொன்னபோது எங்கட பெஞ்சில் இருந்த எல்லாரும் சிரிச்சுப் போட்டோம். எங்களுக்கு நாரி என்றால் உளையுறது, பிடிக்கிறது, குத்துறது. "மனே, நாரி விட்டுப் போகுது" என்று ஒரு மூத்தம்மா சொல்லாத வீடு மாவடிப்பள்ளியில் இருக்குமா என்று தெரியல்ல.

ஜும்ஆவுக்குப் போனால் பின் ஸப்பைப் பாருங்க. நாங்க சின்னப் பிள்ளையாய் இருந்தபோது அங்கே ரெண்டு மூணு பிளாஸ்டிக் கதிரைதான் கிடந்தது. இப்ப ஒரு முழு வரிசை. ருகூஉக்குக் குனிய ஏலாதவங்க, சுஜூதுக்குப் போய் எழும்ப ஏலாதவங்க. இந்த நாட்டில் 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பிலேயே நூற்றுக்கு 12.4 பேர் 60 வயசைத் தாண்டினவங்க. அந்தக் கணக்கை நாங்க புத்தகத்தில் படிக்க முன்னம் பள்ளிக் கதிரையில் பார்த்திட்டோம்.

எங்கட மூத்தம்மாவின் கதையைச் சொல்லாமல் இதை எழுத ஏலாது. பெரும்போகத்தில் கூலிக்கு வேளாண்மை வெட்டப் போனவ, மிச்ச நாளில் பன் வெட்டிக் காயவைத்துப் பாய் இழைச்சவ. எழுபதைத் தாண்டி ஒரு நாள் கிணத்தடியில் குனிஞ்சவ, நிமிர ஏலாமல் போயிட்டா. நாங்க எல்லாரும் சேர்ந்து ஒரே வார்த்தைதான் சொன்னோம்: "படுங்க மூத்தம்மா. ஒண்டும் செய்யாதீங்க." தண்ணியைக் கையில் கொண்டுபோய்க் கொடுத்தோம். பன்னையும் சாயத்தையும் அள்ளிப் பரணில் போட்டோம். பாமசியில் பெல்ட் ஒன்று வாங்கிக் கட்டினோம். எட்டு மாசத்தில் அவவுக்கு வீட்டு வாசலைத் தாண்டிப் போகப் பயம் வந்திட்டு. நோவு குறைஞ்சும் எழும்பல்ல. அன்பால்தான் செய்தோம். ஆனா அந்த 'படுங்க' என்ற சொல் எங்கேயிருந்து வந்தது என்று பிறகு தேடத் தொடங்கினோம். இந்தக் கட்டுரை அந்தத் தேடலில் வந்தது.

அந்தச் சொல்லுக்கு ஒரு சரித்திரம் இருக்கு. 1860இலிருந்து 1862 வரை லண்டனில் ஜோன் ஹில்டன் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர் ஓய்வைப் பற்றியும் நோவைப் பற்றியும் தொடர் விரிவுரை நடத்தினார். அடுத்த வருஷமே அது புத்தகமாய் வந்தது. காயப்பட்ட உறுப்புக்கு ஓய்வு கொடுத்தால் உடம்பு தானே தன்னைத் திருத்திக்கொள்ளும் என்பதுதான் அதன் சாரம். முறிஞ்ச எலும்புக்கும் சீழ் பிடிச்ச மூட்டுக்கும் அது நல்ல புத்தி. அந்தப் புத்தி மெல்ல மெல்ல நாரிக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. அதுக்குப் பிறகு நூறு வருஷத்துக்கு மேலாக, நாரி நோவு என்று வந்தவரைப் பலகைக் கட்டிலில் வாரக்கணக்கில் படுக்கப் போடுறதே உலகம் முழுக்க வழக்கமாய்ப் போயிட்டு. அதைச் சோதிச்சுப் பார்த்தவங்க குறைவு.

அப்படி ஒரு சோதனை 1986இல் வந்தது. அமெரிக்காவில் ரிச்சர்ட் டெயோ என்பவரும் அவரோடு சேர்ந்தவங்களும் 203 நோயாளிகளை எடுத்து, பாதிப் பேருக்கு ரெண்டு நாள் படுக்கச் சொன்னாங்க, மற்றவங்களுக்கு ஏழு நாள். ரெண்டு நாள் படுத்தவங்க ஒண்டும் கெட்டுப் போகல்ல. வேலைக்குப் போகாமல் விட்ட நாட்கள் அவங்களுக்கு 45 வீதம் குறைவு. 1995இல் பின்லாந்தில், ஹெல்சிங்கி மாநகர ஊழியர் 186 பேரை வைத்து இன்னும் ஒரு படி மேலே போனாங்க. ஒரு கூட்டத்துக்குப் படுக்கை, ஒரு கூட்டத்துக்கு நாரிப் பயிற்சி, மூன்றாம் கூட்டத்துக்கு 'தாங்கிற அளவுக்கு வழமையான வேலையைச் செய்யுங்க' என்ற ஒரு சொல் மட்டும். எந்தக் கூட்டம் கெதியாகத் தேறினது? மூன்றாவது. படுத்தவங்கதான் கடைசி.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. இவங்க எல்லாம் வேலை செய்யிற வயசுக்காரர், நோவும் புதுசாய் வந்தது. எழுபது வயசு மூத்தம்மாவின் பழைய நோவுக்கு இதை அப்படியே தூக்கி ஒட்ட ஏலாது. ஆனா 'படு' என்ற சொல்லின் அத்திவாரம் இந்த ரெண்டு ஆய்வோடு ஆடிப் போயிட்டு என்பது உண்மை.

இதுக்கு நடுவில் 1987இல் ஸ்கொட்லாந்தின் கோர்டன் வாடெல் எழுதின கட்டுரை எங்களை அதிகம் உலுக்கினது. அவரும் எலும்புச் சத்திரசிகிச்சைக்காரர்தான். நாரி நோவை எலும்பும் தட்டும் நரம்பும் மட்டுமாய்ப் பார்க்கிறது போதாது, அந்த ஆளின் பயம், மனசு, வீடு, வேலை எல்லாத்தையும் சேர்த்துப் பார்க்கணும் என்றார். நோவைவிட நோவைப் பற்றின பயம் ஒருவரை அதிகமாய் முடக்கிப் போடலாம் என்பது அவர் பிறகு காட்டின விஷயம். மூத்தம்மா வாசற்படியில் நின்று கீழே பார்க்கிற பார்வையை நாங்க எட்டு மாசம் பார்த்திருக்கோம். அவருடைய கட்டுரையை வாசிக்கக்குள்ள அந்தப் பார்வைதான் வந்து நின்றது.

அப்ப பயிற்சி செய்ய வேண்டியதுதானே? அதையும் செய்தோம். கிளினிக் ஒன்றில் ஒரு போட்டோகொப்பித் தாள் தந்தாங்க. குச்சி மனுஷன் ஒருவன் மல்லாந்து படுத்து முழங்காலை மடக்குறான், அடுத்த படத்தில் இடுப்பைத் தூக்குறான். பத்துத் தரம், ஒரு நாளைக்கு ரெண்டு வேளை. மூத்தம்மா மூணு நாள் செய்தா. நாலாம் நாள் "இது என்னத்துக்கு மனே, பைத்தியக்காரி மாதிரி சுவரைப் பார்த்துக் காலைத் தூக்குறது" என்று தாளை மடிச்சுத் தலையணைக்குக் கீழே வைச்சிட்டா. அவவைக் குறை சொல்ல மனசு வரல்ல. தனியே, பேச்சில்லாமல், பாட்டில்லாமல், என்ன பயன் என்று கண்ணுக்குத் தெரியாமல் அவ தன்ட வாழ்க்கையில் ஒரு வேலையும் செய்ததில்லை.

அந்தக் குச்சி மனுஷனுக்கும் ஒரு மூதாதை உண்டு. சுவீடனின் பெர் ஹென்ரிக் லிங். 1813இல் ஸ்டொக்ஹோமில் உடற்பயிற்சிக்கென்று அரச நிறுவனம் ஒன்றைத் தொடங்கினவர். இண்டைக்கு உலகம் முழுக்க நடக்கிற பிசியோதெரபியின் ஒரு பெரிய வேர் அங்கேதான் கிடக்கு. ஆள் வாள்வீச்சு ஆசிரியர். அதோட கவிஞர். தன்ட கையில் இருந்த வருத்தம் வாள் பழகப் பழகக் குறைஞ்சதைப் பார்த்துத்தான் இந்த யோசனைக்கே வந்தவர் என்று சொல்லுவாங்க. அவர் பயிற்சியை நாலாய்ப் பிரிச்சார்: கல்விக்கு, படைக்கு, மருத்துவத்துக்கு, அழகுக்கு. அந்த நாலாவது, உடம்பசைவால் உள்ளத்தில் இருக்கிறதை வெளியே காட்டுறது. பிறகு வந்தவங்க முதல் மூன்றையும் வளர்த்தெடுத்தாங்க. பள்ளிக்கூட ட்ரில் வந்தது, இராணுவப் பயிற்சி வந்தது, வைத்தியசாலைப் பயிற்சி வந்தது. நாலாவது கவனிப்பார் இல்லாமல் போனது. எங்கட மூத்தம்மாவின் தலையணைக்குக் கீழே கிடந்த தாளில் குறைஞ்சது அந்த நாலாவதுதான் என்பது எங்கட எண்ணம்.

மற்றப் பக்கம் கலை. 'கலைச் சிகிச்சை' என்ற சொல்லை 1942இல் உருவாக்கினவர் அட்ரியன் ஹில் என்ற ஆங்கில ஓவியர். சயரோகம் பிடிச்சு 1938இல் மிட்ஹேர்ஸ்ட் என்ற இடத்துச் சானட்டோரியத்தில் படுக்கையில் கிடந்தவர். சயரோகத்துக்கு அப்ப மருந்து இல்லை, அசையாமல் கிடக்கிறதே வைத்தியம். கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த சாமான்களை வரையத் தொடங்கினார், தன்ட மனசு தேறுறதைக் கண்டார். பிறகு அங்கே கிடந்த மற்ற நோயாளிகளுக்கும் போர்க்களத்திலிருந்து வந்தவங்களுக்கும் வரையப் பழக்கினார். 1945இல் அதைப் புத்தகமாயும் எழுதினார்.

இங்கே ஒரு வேடிக்கை இருக்கு. கலைச் சிகிச்சை பிறந்ததே அசையக் கூடாத உடம்புக்காக. உடம்பு கிடக்கட்டும், மனசு மட்டும் நடக்கட்டும் என்ற ஏற்பாடு. பயிற்சி மருத்துவம் பிறந்தது அசையிற உடம்புக்காக, அங்கே மனசுக்குப் பெரிய வேலை இல்லை. ரெண்டும் ஐரோப்பாவில் வேற வேற கட்டிடத்தில் வளர்ந்து, வேற வேற பட்டம் வாங்கி, இப்ப எங்களிட்ட வந்து சேருது. இப்ப ஆய்வாளர்கள் 'வயசானவங்களின் முதுகு நோவுக்குக் கலையையும் பயிற்சியையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன' என்று கேட்கிறாங்க. நல்ல கேள்வி. ஆனா எங்கட கரையில் இருந்து பார்த்தால், அது ரெண்டும் எப்ப பிரிஞ்சது என்றுதான் முதலில் கேட்கத் தோணுது.

ஏனென்றால் பழைய ஆக்கள் பிரிக்கல்ல. இப்னு ஸீனா (980–1037) தன்ட 'கானூன்' நூலின் முதல் பாகத்தில் உடற்பயிற்சிக்கு இடம் கொடுத்து, முதியவர்களின் பராமரிப்பைத் தனியாய்ப் பேசுறார். எல்லா முதியவருக்கும் ஒரே பயிற்சி இல்லை. அவங்கட உடம்பு நிலை, இருக்கிற வருத்தம், முந்தி என்ன செய்து பழகினவங்க என்பதையெல்லாம் பார்த்துத்தான் கொடுக்கணும் என்பது அவர் கருத்து. ஊஞ்சல் ஆடுறதையும் தோணியில் போறதையும்கூட அவர் மெல்லிய பயிற்சிக் கணக்கில் சேர்த்திருக்கார். துருக்கியின் எதிர்னே நகரில் 1488இல் கட்டி முடிச்ச இரண்டாம் பாயஸீத் சுல்தானின் வைத்தியசாலையில் நோயாளிகளுக்காகப் பாடகர்களும் வாத்தியக்காரரும் பத்துப் பேர் சம்பளத்துக்கு இருந்தாங்க, வாரத்துக்கு மூணு தரம் வாசிச்சாங்க என்று 17ஆம் நூற்றாண்டில் அங்கே போன பயணி எவ்லியா செலபி எழுதி வைச்சிருக்கார்.

எதிர்னே தூரம். எங்கட கரைக்கு வருவோம்.

கரைவலை இழுக்கிறதைக் கிட்ட நின்று பார்த்தவங்களுக்குத் தெரியும். ஒருத்தர் அம்பா எடுத்துக் கொடுப்பார், மற்றவங்க வாங்கிப் பாடுவாங்க, பாட்டின் அடியில்தான் எல்லாருடைய நாரியும் ஒண்டாய்ச் சாயும். களவெட்டியில் சூடடிக்கிறபோது பொலிப் பாட்டு. உரலில் ரெண்டு பேர் மாறி மாறிக் குத்தக்குள்ள உலக்கைச் சத்தமே தாளம். பெண்கள் வயலிலும் வீட்டிலும் கவி பாடினாங்க, நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றவங்க அந்தக் கவிகளைத் தேடித் தேடிச் சேர்த்து அச்சில் ஏற்றாவிட்டால் அதில் பாதி எங்களுக்குக் கிடைச்சிருக்காது.

அதுகளுக்கு மேலாகப் பொல்லடி. களிகம்பு என்றும் கோலாட்டம் என்றும் ஊருக்கு ஊர் பேர் மாறும். கேரளத்து மாப்பிள்ளை முஸ்லிம்களிட்ட இருக்கிற கோல்களி இதுக்கு நெருங்கின சொந்தம். கலியாணம், சுன்னத்து, பெருநாள் என்றால் ஊருக்குள்ளே களிகம்பு இறங்கும். அண்ணாவியார் நடுவில் நின்று பாடித் தாளம் போடுவார். சோடி சோடியாய் வட்டத்தில் நிற்கிறவங்க தன்ட கம்பைத் தானே தட்டி, பக்கத்து ஆளின் கம்பைத் தட்டி, திரும்பி, பின்னால் நிற்கிறவரின் கம்பைத் தட்டி, குனிஞ்சு, அரைவாசி இருந்து, எழும்பி வருவாங்க. முதலில் மெதுவாய்த் தொடங்கும், பிறகு தாளம் கூடும்.

அந்த அசைவை ஒருக்கா எண்ணிப் பாருங்க. இடுப்பைத் திருப்புறது, முழங்காலை மடக்கி நாரியை நேராய் வைச்சுக்கொண்டு பதியிறது, பாரத்தை ஒரு காலில் இருந்து மற்றக் காலுக்கு மாற்றுறது, கண்ணும் கையும் ஒண்டாய்ப் போறது. பிசியோதெரபித் தாளில் இருக்கிறதுக்கும் இதுக்கும் பெரிய தூரம் இல்லை. ஒரு வித்தியாசம், இங்கே நீங்க ஒரு அடியை விட்டால் பக்கத்து ஆளின் கம்பு வெறுங்காற்றில் அடிக்கும். அதனால விட மாட்டீங்க. 'பத்துத் தரம்' என்று யாரும் எண்ணித் தரத் தேவை இல்லை.

இப்படி எழுதக்குள்ள ஒரு ஆபத்து இருக்கு, எங்களுக்கே அது விளங்குது. 'அந்தக் காலத்தில் எல்லாரும் பாடி ஆடிச் சுகமாய் இருந்தாங்க' என்ற கதை. அது பொய். மூத்தம்மாவின் நாரியை முறிச்சதே அந்த வட்டைதான். காலை விடியக்குள்ள போய்ப் பொழுது சாயும் வரை குனிஞ்சு வெட்டி, போடியாரின் சூட்டுக்குக் கட்டுச் சுமந்து, கூலியாய்க் கொஞ்சம் நெல்லை வாங்கி வந்தவ அவ. பாட்டு அவட களைப்பைக் குறைச்சது உண்மை. வெட்டின ஏக்கரைக் கூட்டினதும் அதே பாட்டுத்தான். பன் பாய் இழைக்கிறதும் அழகான கலை, ஆனா நிலத்தில் காலை நீட்டி வளைஞ்சிருந்து மணிக்கணக்கில் செய்யிற வேலை. எந்த வைத்தியரும் நாரிக்கு நல்லது என்று சொல்ல மாட்டார். பெண்களுக்குக் களிகம்பு வட்டத்தில் இடமும் இருக்கல்ல. வேலியோரம் நின்று பார்க்கலாம், குரவை போடலாம், அவ்வளவுதான்.

பிறகு அது எப்படிப் போனது? ஒரே காரணம் சொல்ல ஏலாது. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை வந்து, இங்கினியாகலயில் அணை எழும்பி, வயலும் நீரும் மாறினது. உழவுக்கு மெஷின், சூடடிக்க மெஷின், கடைசியில் வெட்டவும் மெஷின். நாரிக்கு அது பெரிய விடுதலை, யாரும் மறுக்க வேணாம். வேலை போக அந்த வேலையின் பாட்டும் போனது. யுத்த காலத்தில் வட்டைக்குப் போறதே பயம், ராவையில் கூடுறது அதைவிடப் பயம். ஊரில் முன்னம் களிகம்பு அடிச்ச ஒரு மூத்தாப்பாவிடம் கேட்டோம், "ஊரடங்குச் சட்டத்தில ஆருக்கு மனே தாளம் போடுற?" என்றார். மார்க்க ரீதியாய் இந்த ஆட்டங்கள் வேணாம் என்று சொன்னவங்களும் இருந்தாங்க, இப்பவும் இருக்கிறாங்க. அந்த வாதத்துக்குள்ள நாங்க இங்கே போகல்ல. இப்ப களிகம்பு மிஞ்சி இருக்கிறது அனேகமாய்க் கலாசார விழா மேடையில், அதுவும் பள்ளிக்கூடப் பொடியன்மார் ஒரே மாதிரிச் சட்டை போட்டு வரவேற்புக்கு அடிக்கிறது. அதை ஆடி வளர்ந்த நாரிகள் பின் ஸப்பில் கதிரையில் இருக்கு.

கலையால் ஆற்றுற முயற்சி எங்கட கிழக்கில் நடக்காமலும் இல்லை. மட்டக்களப்பில் 1996இல் கனேடியக் கலைஞர் போல் ஹோகனும் அருட்தந்தை போல் சற்குணநாயகமும் சேர்ந்து தொடங்கின வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைப் பலரும் அறிவீங்க. யுத்தத்தில் அடிபட்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் ஒரே தோட்டத்தில் வந்து களிமண்ணும் வர்ணமும் கதையும் ஆட்டமுமாய்க் கழிச்சாங்க. அந்தப் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு தோட்டம் தேவை என்று யோசிச்சவங்களுக்குப் பெரிய மரியாதை சொல்லணும். அதே யுத்தத்தைத் தலையில் சுமந்த மூத்தம்மாக்களுக்கு நாங்க கொடுத்தது ஒரு கட்டிலும் ஒரு பெல்டும்.

பெல்டைப் பற்றிச் சொல்லியே ஆகணும். 2020இல் உலகத்தில் 61 கோடியே 90 லட்சம் பேருக்கு நாரி நோவு இருந்தது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு, 2050இல் அது 84 கோடியைத் தாண்டுமாம். அந்த நிறுவனம் 2023 டிசம்பரில் நாட்பட்ட நாரி நோவுக்கென்று முதன்முதலாய் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. முதியவர்களையும் அதில் தனியாய்க் கவனிச்சிருக்கு. பயிற்சி, நோவைப் பற்றி விளங்கப்படுத்துறது, உளவியல் உதவி எல்லாம் 'கொடுக்கலாம்' பக்கத்தில். பெல்டும் இழுவைச் சிகிச்சையும் 'வழமையாய்க் கொடுக்க வேணாம்' பக்கத்தில். கல்முனைப் பாமசியில் இப்பவும் அது கண்ணாடிக்குள்ளே தொங்குது. அந்த வழிகாட்டியில் ஓவியமும் ஆட்டமும் இல்லை, அதையும் நேர்மையாய்ச் சொல்லணும். கலை ஆரோக்கியத்துக்கு என்ன செய்யுது என்று அதே நிறுவனம் 2019இல் 3000க்கு மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டி ஒரு அறிக்கை போட்டது. ஆனா நாரி நோவுக்குப் பயிற்சிக்கு இருக்கிற அளவு சான்று கலைக்கு இன்னும் சேரல்ல. எங்கட வாதம் கலை நோவை மாற்றும் என்பது இல்லை. தனியே செய்தால் மூணு நாளில் நின்று போற பயிற்சியை முப்பது நாளைக்கு இழுத்துக்கொண்டு போக அது உதவும் என்பதுதான்.

வீட்டில் முதியவங்க இருக்கிறவங்களுக்கு ஒரு சொல். விழுந்த பிறகு வந்த நோவு, ராவையில் படுத்தாலும் குறையாத நோவு, கால் மரக்கிறது, சிறுநீர் கட்டுப்பாடு இல்லாமல் போறது, காரணமில்லாமல் மெலியிறது, இதில் எது இருந்தாலும் கம்பும் வேணாம் பாட்டும் வேணாம், உடனே வைத்தியரிட்டக் கொண்டுபோங்க. மூத்தம்மாவுக்கு இதெல்லாம் இல்லை என்று வைத்தியர் பார்த்துச் சொன்ன பிறகுதான் நாங்களும் தொடங்கினோம்.

தொடங்கினது என்று பெருமையாய்ச் சொல்ல ஒண்டும் இல்லை. பரணில் கிடந்த பன்னை இறக்கினோம். நிலத்தில் இல்லை, மேசையில் விரிச்சு, கதிரையில் இருந்து இழைக்கச் சொன்னோம். "மேசையில ஆரும் பாய் இழைக்கிறயா?" என்று சிரிச்சா. பிறகு ஒரு சாண் இழைச்சா. அடுத்த கிழமை பக்கத்து வீட்டு மாமியும் ஒரு ராத்தாவும் வந்து சேர்ந்தாங்க. அசர் தொழுத பிறகு அரை மணித்தியாலம். அந்த மூத்தாப்பாவிடம் கேட்டுத் தெரிஞ்ச களிகம்பு அடிகளில் சுலபமான நாலை எடுத்து, கதிரையில் இருந்தபடியே தட்டப் பழக்கினோம். ரெண்டு கிழமைக்குப் பிறகு கதிரையின் முதுகைப் பிடிச்சுக்கொண்டு எழும்பித் தட்டினாங்க. வேலியோரம் நின்று பார்த்தவங்களுக்கு எழுபது வயசில் வட்டத்தில் இடம் கிடைச்சது.

நோவு போச்சா என்று கேட்டால், இல்லை. "கிடக்கு, அது பாட்டுக்குக் கிடக்கட்டும்" என்பா. கிணத்தடிக்குத் தானே போறா. போன கிழமை எங்களில் ஒருத்தர் மூன்றாம் அடியில் பிழையாய்த் திரும்பிக் கம்பு நழுவி விழுந்திட்டு. நாங்க குனிய முன்னம் மூத்தம்மா முழங்காலை மடக்கி மெல்லப் பதிஞ்சு எடுத்து நீட்டினா. "கம்பஸில இதையும் படிப்பிக்கல்லயா மனே? திருப்பி முதல்ல இருந்து அடிங்க."